ஒன்பதாம் அறையின் வெள்ளைப் பக்கம்

போன மாதம் செல்வி தொலைபேசி எடுத்தாள். சுவிஸில், பேர்ண் நகரில் நான் இருபத்தொன்பது ஆண்டுகள் துப்புரவு வேலை செய்த மருத்துவமனையில், கடைசி ஆறு வருடம் என்னோடு ஒரே மாடியில் நின்றவள். அவளுக்கும் முழங்கால் போய்விட்டது. முன்கூட்டியே ஓய்வெடுக்கப் போகிறாளாம்.

"அக்கா, நாங்களும் உங்களை மாதிரி ஒரு வான் வாங்கப்போறம். மலையில ஒரு கிறிஸ்தவ தியான வீட்டில நிண்டு வேலை செய்தனீங்களெல்லோ, அது எப்பிடி? நாங்களும் போகலாமோ?"

"நல்ல காத்து, நல்ல சூப், சன்னலைத் திறந்தால் ஏரி" என்று எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கும் பதில் ஒன்று என்னிடம் உண்டு. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. "பேந்து எழுதி அனுப்பிறன்" என்று வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால், அது செல்விக்கு மட்டுமான கடிதமாக நிற்கவில்லை. துணியும் வாளியும் தூக்கியவர்கள் எல்லாருக்கும் சொல்ல வேண்டிய ஒன்றாகிவிட்டது.

என் பயிற்சிக் காலம் மூன்று கிழமை, இருபத்தொரு நாள்தான். சிவப்புத் துணி கழிப்பறைக்கு, மஞ்சள் கைகழுவும் தொட்டிக்கு, நீலம் மேசைக்கும் கட்டிலுக்கும். எனக்குப் பழக்கிய மேற்பார்வையாளர் ஒரு போர்த்துக்கேயப் பெண். என்னுடைய டொச், அதாவது ஜெர்மன், அன்று பத்துச் சொல், அவருடையது இருபது. அந்த முப்பது சொல்லுக்குள் அவர் தந்தது ஒரே ஒரு சட்டம். எந்தப் பொருளைத் தூக்கினாலும் துடைத்தாலும், திரும்ப வைக்கும்போது அதன் முகம் முன்னுக்கு இருக்க வேண்டும். போத்தலின் எழுத்து, கடிகாரம், கதவில் தொங்கும் அறிவிப்பு, எல்லாம் ஒரே ஒழுங்கில். பத்து வருடத்தில் என் கைகள் அதை என்னைக் கேட்காமலே செய்யப் பழகிவிட்டன. மனம் வேறெங்கோ அலையும். அலைவதுதான் அதன் தொழில். கைகள் மட்டும் அறையில் நின்று வேலையை முடிக்கும். "நீங்கள் துடைத்த அறையில் யாரும் நுழைந்ததாகவே தெரியாது" என்று தலைமைத் தாதி ஒருநாள் சொன்னார். அந்த ஒரு வசனத்தை வைத்து நான் எத்தனை வருடம் நிமிர்ந்து நடந்தேன்!

ஐம்பத்தெட்டு வயதில் தோள்மூட்டு மறுத்துவிட்டது. என் கணவர் அன்ரன் ட்ராம் பணிமனையில் இயந்திர வேலை பார்த்தவர். அவருக்கும் ஓய்வு வந்தது. பிள்ளைகள் தங்கள் தங்கள் வீட்டில். எனக்கு ஓரிடத்தில் இருக்க வராது. இருந்தால் சுவர்கள் என்னைப் பார்க்கத் தொடங்கிவிடும். ஒரு பழைய வோன்மோபில் வாங்கினோம். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளே இருக்கிற வான். ஒரு கோடை முழுக்க ஏரிகளுக்குப் பின்னால் ஓடினோம். பிறகு அன்ரன் தன் தேவாலயத்தில் கேள்விப்பட்டு வந்தார். தூன் ஏரிக்கு மேலே ஒரு மௌன தியான இல்லம். நாளுக்கு நான்கு மணித்தியாலம் வேலை செய்தால் வான் நிறுத்த இடம், மின்சாரம், தண்ணீர், மூன்று நேரச் சாப்பாடு.

ஷ்லீரனில் இருக்கும் என் மச்சாள் கேட்டாள்: "முப்பது வருசம் கழுவினது காணாதெண்டு இப்ப மலையேறிக் கழுவப் போறியோ? அதுவும் பொட்டு வைச்சுக்கொண்டு வேதக்கார வீட்டில?"

"பொட்டுக்கு அங்கை தடை இல்லையாம்," என்றார் அன்ரன் என்னிடம். "கதைக்கிறதுக்குத்தான் தடை. உமக்கும் மச்சாளுக்கும் சேர்த்து ஒரு அறை போடட்டோ?"

இலையுதிர் காலத் தொடக்கத்தில் போய்ச் சேர்ந்தோம். பன்னிரண்டு அறை, ஒரு சிற்றாலயம், ஒரு சமையலறை. வீட்டை நடத்தியவர் சகோதரி றூத். எழுபதை நெருங்குகிறவர், உயரம், சாம்பல் நிற மேலங்கி, கால்களில் கம்பளிச் செருப்பு. அவர் யாரையும் திருத்திச் சொல்லி நான் கேட்டதில்லை. நான் விரித்த முதற் கட்டிலைப் பார்த்தார். மருத்துவமனை மடிப்பு, கத்தி மாதிரி. ஒன்றும் பேசாமல் கால்மாட்டை அவிழ்த்து, தளர்த்தி, மறுபடி விரித்துக் காட்டிவிட்டுப் போனார். அடுத்த கட்டிலை நான் தளர்த்தி விரித்தேன். அன்ரன் ஓர் அலமாரிக் கதவைக் கோணலாகப் பூட்டியபோதும் அப்படித்தான். வந்தார், திருகாணியைக் கழற்றினார், அதை அன்ரன் கையில் கொடுத்தார், போய்விட்டார். "இந்த மனிசி பேசினாலும் பரவாயில்லை, பேசாமல் விட்டுத்தான் கொல்லுது" என்று அன்ரன் வானுக்குள் வந்து புலம்பினார்.

ஒரு விடயத்தை மட்டும் சகோதரி றூத் தன் வாயால் சொல்லித் தந்தார். அதை நான் முழுதாக எழுத வேண்டும்.

ஒவ்வோர் அறைக் கதவின் கைப்பிடியிலும் உள்ளங்கை அளவில் ஒரு மரப்பலகை, கயிற்றில் தொங்கும். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு. வெள்ளை வெளியே தெரிந்தால், நான் மௌனத்தில் இருக்கிறேன், வராதீர்கள். சிவப்பு தெரிந்தால், என்னிடம் வாருங்கள். ஞாயிறு மாலை விருந்தினர் தங்கள் கைத்தொலைபேசியை அலுவலகப் பெட்டியில் வைப்பார்கள். அதற்குப் பிறகு ஐந்து நாள் அந்தப் பலகைதான் அவர்களுடைய வாய். காலை எட்டரை, மதியம் ஒன்றரை, மாலை ஐந்தரை, மூன்று தடவை சகோதரி றூத் அறை வாசல்களை ஒட்டிய நடையில் நடப்பார். பலகையைப் பார்ப்பார். ஒவ்வொரு கதவுக்கும் முன்னால் உதடு செபத்தில் மெல்ல அசையும். தட்டுவதில்லை.

"இங்கே வருகிற சிலரை," என்றார், "வாழ்க்கை முழுக்க யாராவது தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஐந்து நாள் தட்டாமல் விடுவோம்."

எனக்கு அந்த வசனம் பிடித்துப்போனது. அதை ஒரு கொப்பியில் எழுதிக்கூட வைத்தேன். இன்று அந்தப் பக்கத்தைத் திறக்க முடிவதில்லை.

நாலாவது கிழமை ஷரோன் வந்தாள். இருபத்தொன்பது வயது, சூரிச்சில் தாதி, இங்கேயே பிறந்தவள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தவள் என் பொட்டைக் கண்டு முழித்தாள்.

"ஆன்ரி! நீங்கள் தமிழோ? இஞ்சையோ?"

"ஓம் பிள்ளை. ஆரின்ர மகள் நீர்?"

"ஐயோ, அதைக் கேக்காதேங்கோ!" என்று சிரித்தாள். "அம்மாக்கு நான் வேலை இடத்துக் கோர்ஸ் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். சும்மா பேசாமல் இருக்கப் போறன் எண்டால் மனிசி பயந்திடும். நீங்கள் ஆரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ, என்ன?"

சொல்லமாட்டேன் என்றேன். படிவத்தில் நீரிழிவு என்று எழுதியிருந்தாள். சிறு வயதிலிருந்தே. இடுப்பில் இன்சுலின் பம்ப், அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய். "எனக்கு இது கைகால் மாதிரி, யோசிக்காதேங்கோ" என்று சகோதரி றூத்திடம் டொச்சில் சொன்னாள். ஒன்பதாம் அறை. மணி அடித்தது, மௌனம் தொடங்கியது.

திங்கட்கிழமை நாலாம் அறைக்காரர் வயிற்றோட்டமும் வாந்தியுமாகக் கீழே வந்து, வீட்டுக்குப் போய்விட்டார். மற்றவர்களுக்கு அது வெறும் வயிற்றுக் கோளாறு. எனக்கு அப்படியா? இருபத்தொன்பது வருட மூக்கு. ஒரு வாந்தி ஒரு மாடியையே படுக்க வைக்கும் என்று எனக்குத் தெரியும். மருத்துவமனையென்றால் அன்றே கைப்பிடி ஒவ்வொன்றும் மருந்து போட்டுத் துடைக்கப்படும். இங்கே யாரும் துடைக்கவில்லை. இரண்டு நாள் பொறுத்தேன். புதன்கிழமை காலை ஏழேகாலுக்கு, சகோதரி றூத்தும் விருந்தினர் பலரும் ஆலயத்தில் இருந்த நேரம், ஒரு வாளியில் கிருமிநாசினி கலந்துகொண்டு நடைக்குப் போனேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. நானாகப் போனேன்.

முதலாம் கதவில் தொடங்கினேன். பலகையைக் கழற்றி வாளிக்குள் போட்டேன். கைப்பிடியைத் துடைத்தேன். அடுத்த கதவு. பன்னிரண்டு கதவும் முடிந்தபின் பன்னிரண்டு பலகையையும் எடுத்து, இரண்டு பக்கமும் துடைத்து, மறுபடி தொங்கவிட்டேன். சன்னலுக்கு வெளியே ஏரியின் மேல் மூடுபனி விலகிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடிதான் தொங்கவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது நடை முழுக்க ஒரே ஒழுங்கு. பன்னிரண்டு வெள்ளை. எனக்கு நிறைவாக இருந்தது.

எட்டரைக்குச் சகோதரி றூத் நடந்தார். பன்னிரண்டு கதவு முன்னாலும் உதடு அசைந்தது.

மதியம் அறையிலேயே இருக்கிறவர்களுக்கு நான் கதவுக்கு வெளியே சூப் வைத்தேன். ஒன்றரைக்குப் போனபோது ஒன்பதாம் அறையின் தட்டு வைத்தபடியே இருந்தது; சூப்பின் மேலே ஆடை படிந்திருந்தது. மூன்றாம் நாள் பலர் உபவாசம் இருப்பார்கள். இந்தப் பிள்ளை எவ்வளவு ஆழமாகப் போய்விட்டாள் என்று எனக்கு ஒரு மரியாதை வந்தது. செருப்பொலி கேட்காமல் இருக்க நுனிக்காலில் நடந்து, அந்தத் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனேன்.

நாலு மணிக்குச் சற்று முன் அன்ரன் வெளியே மேல்மாடிச் சன்னலோரம் ஏணி வைத்துக் கூரைப் பீலியில் அடைத்திருந்த இலைகளை அள்ளிக்கொண்டிருந்தார். நான் கீழே சமையலறையில் கரட் சீவினேன். அந்த வீட்டில் நாலு கிழமையாக ஒருவரும் உரத்துப் பேசி நான் கேட்டதில்லை. அப்போது அன்ரன் என்னைக் கூப்பிடும் குரல் வந்தது. தமிழில்.

"சாந்தி! ஒன்பது! ஒன்பதாம் அறை! பிள்ளை நிலத்தில கிடக்குது! கெதியா கதவைத் திற!"

படிகள் எனக்கு நினைவில்லை. கதவு நினைவிருக்கிறது. பூட்டு என்று அந்த வீட்டில் ஒன்றுமில்லை. கைப்பிடியை அழுத்தினேன், திறந்துகொண்டது. அவ்வளவுதான். காலையிலிருந்து அந்தக் கதவு அவ்வளவுதான் இருந்திருக்கிறது.

கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே குப்புறக் கிடந்தாள். பக்கத்தில் வாந்தி காய்ந்திருந்தது. மூச்சு ஆழமாக, வேகமாக, இயந்திரம் மாதிரி. அதில் அழுகிய பழ வாசம். "ஷரோன், பிள்ளை, ஷரோன்!" கண் பாதி திறந்தது, என்னைக் காணவில்லை. மேற்சட்டை விலகியிருந்தது, பம்ப்பின் ஊசி தோலை விட்டுக் கழன்று துணியில் ஒட்டிக்கிடந்தது; இன்சுலின் உள்ளே போகவே இல்லை. சகோதரி றூத் ஏற்கெனவே அலுவலகத்தில் அவசர எண்ணை அழைத்துக்கொண்டிருந்தார். ஹெலிகொப்டர் புல்வெளியில் இறங்கியபோது விருந்தினர் எல்லாரும் சன்னல்களில் நின்றார்கள். ஒருவரும் பேசவில்லை. அப்போதும்.

மருத்துவர் ஓடிவந்தபடி கேட்டார்: "கடைசியாக யார் பார்த்தது? உதவி கேட்டாளா?"

"இல்லை," என்றார் சகோதரி றூத். கதவைக் காட்டினார். "பலகை வெள்ளையில்தான் இருந்தது. காலையிலும், மதியமும்."

நான் பலகையைப் பார்த்தேன். வெள்ளை. சுத்தமான வெள்ளை. என் விரலில் இன்னும் கிருமிநாசினி மணத்தது.

அந்த நொடியை எப்படி எழுதுவது? நிலம் பிளக்கவில்லை, தலை சுற்றவில்லை. என் இரண்டு கைகளும் எனக்கு முன்னால், யாரோ இன்னொருத்தியின் கைகள் மாதிரித் தொங்கின. காலையில் ஒன்பதாம் கதவில் நான் கழற்றியது வெள்ளையா, சிவப்பா? தெரியவில்லை. நான் பார்க்கவில்லை. வாளிக்குள் விழுந்தபின் எல்லாப் பலகைக்கும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். நினைவைத் தோண்டத் தோண்ட ஏரியும் மூடுபனியும்தான் வந்தன. அதற்குப் பின்னால், நான் கேட்காமலே, மருத்துவமனையின் நீண்ட நடைகள் வந்தன. அங்கே நான் துடைத்துத் திரும்ப வைத்த அறிவிப்புகள், அட்டைகள், தொங்கும் அழைப்பு மணிகள். இருபத்தொன்பது வருடம். யார் நுழைந்ததாகவும் தெரியாத அறைகள்.

வானுக்குள் அன்ரனிடம் மட்டும் சொன்னேன். அவர் வெகுநேரம் தேநீரைக் கலக்கினார்.

"நீர் தெரிஞ்சோ செய்தனீர்?"

"இல்லை."

"பிள்ளை பிழைச்சிட்டுது எண்டு சொல்லுகினம். பேந்தென்ன? நீர் வாயைத் திறந்தால் இந்த வீட்டை மூடிப்போடுவாங்கள். அந்த மனிசி என்ன செய்யும்? சனிக்கிழமை வெளிக்கிடுவம். தெற்கில ரிசினோ பக்கம் இன்னும் வெயிலாம்."

நான் மறுக்கவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். ஓடுவதற்கு எங்களிடம் சில்லுகள் இருந்தன. சனிக்கிழமை காலை மின்கம்பியைக் கழற்றினோம், தண்ணீர்த் தொட்டியை வெறுமையாக்கினோம். அன்ரன் எஞ்சினை முறுக்கிய நேரம் பேருந்துத் தரிப்பிடத்திலிருந்து ஒரு பெண் ஏறி வந்தாள். கறுப்புக் குளிர்ச்சட்டை, கையில் வெறும் பயணப்பை. என்னைக் கண்டதும் நேரே என்னிடம் வந்தாள்.

"நீங்கள் தமிழோ? நான் ஷரோனின்ர அம்மா, வசந்தா. அவவின்ர உடுப்புகளை எடுக்க வந்தனான். ஒருக்கா அறையைக் காட்டுவியளோ அக்கா?"

இறங்கிப் போனேன். கட்டிலில் இருந்த உடுப்புகளை இருவரும் மடித்தோம். அவளும் துப்புரவு வேலைதான் என்று மடிக்கிற கையிலேயே தெரிந்தது. மடித்தபடியே கதைத்தாள். நிறுத்தத் தெரியாமல் கதைத்தாள்.

"கோர்ஸ் எண்டு எனக்குப் பொய் சொல்லிப்போட்டு வந்திருக்கிறாள். ஊசியைக் கழட்டிப்போட்டுக் கிடந்தவளாம். கதவில வராதேங்கோ எண்டு போட்டிருந்ததாம். டொக்டர்மார் இதைக் கூட்டிப் பாத்துப்போட்டு, அவள் சாக வெளிக்கிட்டவள் எண்டு நினைக்கினம். மனநல வாட்டுக்கு மாத்தப் போகினமாம். பேந்து எந்த ஆஸ்பத்திரியில அவளைத் தாதி வேலைக்கு எடுப்பினம்? அவள் அழுறாள், அந்தப் பலகையைத் தான் திருப்பினதாம். சிவப்புப் பக்கமாம். டொக்டர் சொல்லுறார், அந்த நிலையில மூளை இல்லாததை நடந்த மாதிரிக் காட்டுமாம். நானும் நம்பேல்லை அக்கா. பெத்த நானே நம்பேல்லை. 'ஏனடி இப்பிடிச் செய்தனீ' எண்டு கேட்டுப்போட்டு வந்து நிக்கிறன்."

என் கையில் ஷரோனின் ஒரு சோடிக் காலுறை இருந்தது. அதைச் சுருட்டி அவள் பையில் வைத்தேன். அவள் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்துக்கு ஓடினாள்.

சகோதரி றூத் துணி அறையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து, வாளி, பலகை, பார்க்காமல் தொங்கவிட்டது, அந்தப் பிள்ளையை என்ன நினைக்கிறார்கள் என்பது. என் டொச் உடைந்து உடைந்து வந்தது. அவர் இஸ்திரிப் பெட்டியின் மின்னை அணைத்தார். மேசையில் இருந்த துணியை மடித்து முடித்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் அழலாம் என்றும் நின்றேன். அவர் ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார். எஞ்சின் அணையாமல் நின்ற எங்கள் வானின் கதவைத் திறந்து, அன்ரனுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, வார்ப்பட்டியைப் போட்டார்.

அன்ரன் என்னைப் பார்த்தார். "ரிசினோவோ?" என்றார், மெதுவாக.

"ஆஸ்பத்திரிக்கு."

வான் மலையிறங்கியது. ஏரியோரச் சமிக்ஞை விளக்கில் நின்றபோது சகோதரி றூத், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி, ஒன்று மட்டும் சொன்னார்: "நான் நாற்பது வருடமாகப் பலகையைத்தான் பார்த்திருக்கிறேன்."

அறையில் ஷரோன் சாய்ந்து இருந்தாள். வசந்தா எங்களுக்கு முன்பே வந்து பையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். சன்னலோரம் ஓர் இளம் மருத்துவர் கணினியைத் தள்ளிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் ஷரோனின் முகம் இறுகியது. இன்னொரு அறிவுரை என்று நினைத்திருப்பாள்.

"பிள்ளை," என்றேன், "அண்டைக்குக் காலமை நான் உங்கட கதவுப் பலகைகளை எல்லாம் கழட்டித் துடைச்சனான். திரும்பக் கொழுவேக்க பாக்கேல்லை. பன்னிரண்டையும் வெள்ளையா விட்டனான். அந்த வெள்ளை என்ர வேலை. உம்முடையதில்லை."

வசந்தாவின் கையிலிருந்த சட்டை கீழே விழுந்தது. "திரும்பின பக்கத்தைப் பாக்கேல்லையோ அக்கா?" என்றாள். கோபமே இல்லை. வேலைத்தளத்தில் ஒருத்தி இன்னொருத்தியிடம் கேட்பது மாதிரி. "நாங்கள் பாத்துத்தானே வைப்பம்?"

"பாக்கேல்லை."

ஷரோன் தலையணையில் நிமிர்ந்து மருத்துவரைக் காட்டினாள். பிறகு சொன்னாள்: "டொக்டரிட்டைச் சொல்லுங்கோ. டொச்சில சொல்லுங்கோ."

சொன்னேன். மருத்துவர் தட்டச்சை நிறுத்தினார். "அப்படியானால் அது சிவப்பாக இருந்ததை நீங்கள் கண்டீர்களா?"

ஒரு சொல் போதும். கண்டேன் என்று சொன்னால் அந்தப் பிள்ளை அன்றே விடுபட்டிருப்பாள். அந்தச் சொல் என் நாக்கு வரை வந்தது. ஆனால் பார்க்காததைப் பார்த்தேன் என்று வைப்பதும் அதே கை வேலைதானே.

"காணவில்லை," என்றேன். "நான் பார்க்கவே இல்லை. அதனால் வெள்ளையாக இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது."

"நானும் தட்டவில்லை," என்றார் சகோதரி றூத் கதவோரம் நின்று. "அதையும் எழுதுங்கள்."

மருத்துவர் கணினியை ஒதுக்கினார். ஒரு கதிரையை இழுத்துக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்தார். மூன்று நாளில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை என்று வசந்தா பிறகு சொன்னாள். "தொடக்கத்திலிருந்து சொல்லுங்கள்," என்றார்.

நான் வெளியே போகத் திரும்பினேன்.

"நில்லுங்கோ ஆன்ரி," என்றாள் ஷரோன். "நீங்களும் கேளுங்கோ."

நின்றேன். அவள் டொச்சில், ஒரு தாதி மாலை முறைத் தாதியிடம் நோயாளியை ஒப்படைக்கிற குரலில், ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஐந்து மணிக்கு வாந்தியோடு விழித்தது. ஊசி கழன்றிருப்பது தெரியாமல் வயிற்றுக் கிருமி என்று நினைத்தது. ஆறு மணிக்குச் சுவரைப் பிடித்து நடந்து கதவைத் திறந்து பலகையைத் திருப்பியது. சிவப்பு வெளியே தெரிகிறதா என்று இரண்டு தடவை பார்த்தது. திரும்பி வந்து கட்டிலில் விழுந்தது.

"எழும்ப முடியவில்லை. ஆனால் அப்போது கத்தியிருக்க முடியும். குரல் இருந்தது," என்றாள். "ஏழு மணி கடந்திருக்கும். கதவுக்கு வெளியே காலடி கேட்டது. யாரோ என் பலகையைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. கண்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். அதனால்தான் கூப்பிடவில்லை."